லிவரப் பிடிக்கலாமாம், எலுமிச்சம்பழத்துல ஏத்தக்கூடாதாம்

இன்னைக்கு ஆமத்தூர் பட்டறையில நடந்தத இங்க சொல்லியே ஆகணும்.

வீட்டுக்காரரு தவறிப் போனதுக்கப்புறம் அவரு டிராக்டர நான்தான் ஓட்டுறேன். பழைய வண்டி. லிப்டுல கலப்பையத் தூக்குனா நிக்காம எறங்கிருது. அதச் சரிபண்ணக் கொண்டுபோனேன்.

எஞ்சின் ஆஃப் ஆச்சுன்னா தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும், ஓடவிட்டே வேலை பார்க்கணும். அதனால மெக்கானிக் அண்ணன், “நீ மேலயே இரும்மா, நான் சொல்லும்போது லிவரத் தூக்கு”ன்னு சொல்லிட்டுப் பின்னாடி குனிஞ்சு வேலை பார்த்தாரு. அவரு தலைக்கு மேல கலப்பை தொங்குது. பயத்துல நான் தண்ணிகூடக் குடிக்கல.

ஒருவழியா லிப்ட் எறங்காம நின்னுச்சு. அந்நேரம் என் கொழுந்தன் சூடமும் எலுமிச்சம்பழமும் வாங்கிட்டு வந்தான். வேலை முடிஞ்சா சூடம் காட்டி, பழத்து மேல ஏத்தித்தான் வண்டிய எடுப்போம். வீட்டுக்காரரு இருந்தப்ப சூடம் காட்டுறதே நான்தான்.

பழத்த டயருக்கு அடியில வச்சிட்டு அவன் சொல்றான்:

“மதினி, எறங்கி அங்கிட்டு நில்லுங்க. நான் எடுக்கேன்.”

“ஏன்?”

“நல்லது நடக்குற எடத்துல நீங்க இப்ப இருக்கக்கூடாதுல்ல.”

“இம்புட்டு நேரம் ஒரு மனுசன் தலைக்கு மேல கலப்பையத் தூக்கிப் பிடிச்சேனே, அப்ப ஆகாதுன்னு தோணலையாக்கும்?”

“அது வேலை மதினி. இது சாமி.”

கியரப் போட்டு நானே ஏத்திட்டேன்.

சாயங்காலம் அவனே போன் பண்ணுறான். “மதினி, நாளைக்கு நம்ம காட்ட உழுது குடுத்துருங்க, விதைக்கணும்.”

விதைக்கிறது நல்ல காரியமாச்சே, நான் வரலாமாய்யான்னு கேட்டேன். போன வச்சிட்டான். உங்க யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.