உப்பளத்து ரோட்டில் ஓடுகிறவள்

முருகேஸ்வரி ஓட ஆரம்பித்தது ஒரு மழையால்தான்.

முத்தையாபுரத்தில் எங்கள் தெரு முனை மளிகைக் கடைக்காரர் ஜெயகணேஷின் மனைவி அவள். கடை திறந்தால் அடைக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்தே இருக்கிற உடம்பு. மகள் பத்மஸ்ரீ கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு வீட்டு வேலையும் பாதியாகிவிட்டது. சர்க்கரை வரப் பார்க்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நடந்தாள். ஆனால் நடப்பது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"அக்கா, நடந்தா கடை யோசனைதான் வருது," என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். "பருப்பு வந்துச்சா, பாமாயில் வந்துச்சான்னு கடையத் தலையில தூக்கிட்டே நடக்கேன்."

ஒரு நாள் காலை பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கலாம் என்று ஓடினாள். நிறுத்தம் வந்தபோது நிற்க மனசு வரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நனைந்தபடியே வீடுவரை ஓடி வந்துவிட்டாள். வாசலில் மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து ஜெயகணேஷ் பயந்துபோனார்.

"என்ன ஏளா, எவனும் துரத்துனானா?"

"ஒருத்தனும் துரத்தல. சும்மா ஓடுனேன்."

அவள் சொன்னதை அவர் நம்பவே இல்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் ஓடிவிட்டு வந்த பிறகுதான் நம்பினார். மகள் கோயம்புத்தூரிலிருந்து ஷூ வாங்கி அனுப்பினாள். முருகேஸ்வரி முதலில் சுடிதாரோடு ஓடினாள். காற்றில் துப்பட்டா முகத்தில் அடித்ததும் அதை வீட்டில் போட்டுவிட்டு, மகளுடைய பழைய டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டாள். தெருவில் இரண்டு நாள் பேசினார்கள். நானும்தான் பேசினேன். மூன்றாம் நாள் பேசுவதற்கு வேறு விஷயம் கிடைத்துவிட்டது.

அவள் ஓடுகிற பாதை உப்பளங்களுக்கு நடுவே துறைமுகத்தைப் பார்த்துப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிற்கும். வெளிச்சம் வரும்போது முதலில் அந்தத் தண்ணீரில்தான் வரும், பிறகுதான் வானத்தில் தெரியும் என்பாள். தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள் விளக்கோடு நிற்கும். வீடு கிடையாது, கடை கிடையாது. "ஏம்மா"வும் "ஏளா"வும் கிடையாது. அந்த முக்கால் மணி நேரத்தில் தன்னை யாரும் கூப்பிட முடியாது என்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. மூச்சையும் காலையும் தவிர வேறொன்றும் ஞாபகத்தில் இருக்காதாம்.

அந்த ரோட்டில்தான் ஒரு நாள் பைக் வந்தது.

முதல் தடவை அவளைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தான். ஏதோ சொன்னான், காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. போய்விட்டான். இரண்டு நாள் கழித்து அதே பைக். இந்தத் தடவை தாண்டிப் போகவில்லை. அவள் ஓடுகிற வேகத்துக்கு, பின்னாலேயே வந்தான். அவள் பாட்டை நிறுத்தினாள். நின்று ஷூ கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்தாள். அவனும் நின்றான். அவள் ஓடினாள். அவனும் வந்தான். பிறகு சட்டென்று முறுக்கி முன்னால் போய், ரோட்டின் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டான்.

"எதுக்கு இவ்வளவு அவசரம்? ஏறுங்க, கொண்டு விடுதேன்."

திரும்பி ஓடினால் பைக்குக்கு முன்னால் தன் கால் எம்மாத்திரம் என்று அவளுக்குத் தெரியும். முன்னால் போக முடியாது. லாரி எதுவும் வரவில்லை. ஆனால் வலது பக்கம், கொஞ்சம் தள்ளி உப்பளத்துக்குள், இரண்டு மூன்று டார்ச் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. வெயில் ஏறுமுன் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்று விடிவதற்கு முன்பே வேலைக்கு வந்துவிடுகிற பெண்கள். தினமும் அந்த வெளிச்சங்களைத் தாண்டித்தான் ஓடுவாள். ஒரு நாள்கூட ஒரு முகத்தையும் பார்த்ததில்லை.

ரோட்டை விட்டு வரப்பில் இறங்கினாள். அவர்களில் ஒருத்தியைத் தனக்குத் தெரியும் என்று அவன் நினைக்க வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. வாயில் வந்த பெயரை அடிவயிற்றிலிருந்து கத்திக் கூப்பிட்டாள்.

"ஏ சந்தனமாரி! சந்தனமாரீ!"

எங்கள் பக்கத்தில் பத்துப் பெண்களைக் கூப்பிட்டால் ஒருத்தியாவது சந்தனமாரியாக இருப்பாள். அன்றைக்கு இருந்தாள்.

"யாருளா அது?" என்று உள்ளேயிருந்து பதில் குரல் வந்தது.

அந்தக் குரல் கேட்டதும் தனக்கு அழுகை வந்துவிட்டது என்று முருகேஸ்வரி சொன்னாள். வரப்பில் வழுக்கி ஒரு கால் பாத்திக்குள் போனது, ஷூவெல்லாம் உப்புத் தண்ணீர். டார்ச் வெளிச்சம் அவள் முகத்தில் அடித்து, பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பியது. இன்னொரு டார்ச்சும் சேர்ந்துகொண்டது. பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். நம்பர் முழுதும் தெரியவில்லை. பின் விளக்கு உடைந்து, அதைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது மட்டும் பதிந்தது.

சந்தனமாரி கையில் உப்பு வாரும் பலகையோடு வந்து நின்றாள். தலையில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். ஏறக்குறைய இவள் வயதுதான்.

"என்னைய எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"பின்ன பேரச் சொல்லிக் கூப்ட்ட?"

முருகேஸ்வரி நடந்ததைச் சொன்னாள். சந்தனமாரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்துப் பாத்திக்காரிகளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். முருகேஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது. தூக்குவாளியிலிருந்து பாலில்லாத கட்டங்காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, வேலையை விட்டுவிட்டு ஒருத்தி மெயின் ரோடுவரை கூட வந்து விட்டுப் போனாள்.

வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று அன்று பகல் முழுக்க யோசித்திருக்கிறாள். சொன்னால் ஓட்டம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் பயம் நிற்காது. ராத்திரி சாப்பாட்டில் சொன்னாள். ஜெயகணேஷ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"போதும் ஏளா. வீட்டு மாடியில நட."

"மாடியில பத்து எட்டு வச்சா சுவரு வந்துருதுங்க."

அவர் கத்துகிற ஆள் இல்லை. யோசித்துவிட்டு மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே வந்தார். லுங்கி, இடுப்பில் கடைச் சாவி, கொட்டாவி. ஓடுகிறவள் வேகத்தில் ஸ்கூட்டரை ஓட்டுவது லேசான வேலையா? இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தார். கடை திறக்கத் தாமதமானது. பால் பாக்கெட்டுக்கு நின்றவர்களெல்லாம், "அண்ணாச்சி, ஊர்வலம் முடிஞ்சுதா?" என்று கேட்டார்கள். அவர் அதையும் பொறுத்துக்கொண்டார்.

பொறுக்க முடியாமல் போனது முருகேஸ்வரிக்குத்தான்.

"கோவிச்சுக்காதீங்க," என்றாள் ஒரு நாள். "பின்னால வண்டிச் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடிக்கி. நீங்கதான்னு தெரியுது. ஆனாலும் அடிக்கி."

அவருக்கு முகம் சுருங்கிப்போனது. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அன்று மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அது அவராகவே எடுத்த முடிவு.

எஸ்.ஐ. ஜெபசெல்வி என்ற பெண். நடந்ததை முழுக்கக் கேட்டார். ஏன் தனியாகப் போனீர்கள் என்ற கேள்வி வரும் என்று முருகேஸ்வரி பதிலோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கேள்வி வரவேயில்லை.

"காதுல பாட்டு கேட்டுட்டா ஓடுதீங்க?" என்றுதான் கேட்டார்.

"ஆமா மேடம்."

"ஒரு காதுல போதும். இல்ல, பாட்டே வேண்டாம். தெனம் ஒரே நேரத்துல, ஒரே ரோட்டுல போகாதீங்க. நீங்க எங்க இருப்பீங்கன்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியணும், ஊருக்குத் தெரியக் கூடாது." பிறகு, "நானும் போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகுன ரோடுதான் அது. எனக்கும் ஒருத்தன் வந்தான்," என்று சொல்லிவிட்டு, அந்தக் கதையைச் சொல்லாமலே புகாரை எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு முருகேஸ்வரி ஓடிய விதமே மாறியது. அவள் போன் இருக்கும் இடத்தைக் கணவரின் போனில் பார்க்கும்படி மகள் வைத்துக் கொடுத்தாள். நடுவில் ஒரு மாதம் தெருப் பெண்கள் நான்கு பேர், நான் உட்பட, அவளோடு சேர்ந்தோம். நாங்கள் ஓடியதைவிடப் பேசியதுதான் அதிகம். மருமகள் கதை, சீட்டுக் கதை, எல்லாம் அந்த ரோட்டிலும் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை நாங்க வாரோம், மத்த நாள் நீ உன் இஷ்டத்துக்குப் போ," என்று நானே சொன்னேன். சந்தோஷத்தை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

உப்பளத்தில் ஆள் இருக்கிற மாதங்களில் அந்த ரோடு, அதுவும் தினம் ஒரே நேரத்தில் இல்லை. மழைக்காலத்தில் உப்பு வேலை கிடையாது, டார்ச் வெளிச்சமும் கிடையாது. அப்போது டவுனுக்கு ஸ்கூட்டரில் போய், நடக்க வருகிற கூட்டத்துக்கு நடுவில் பீச் ரோட்டில் ஓடுவாள். இன்ன மாதம் இன்ன ரோடு என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. உப்பளத்துப் பக்கம் போகும்போது கைதூக்கிக் கூப்பிடுவாள், உள்ளேயிருந்து பதில் வரும். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று குரலை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பைக்காரன் கடைக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். காபித்தூள் வாங்கப் போயிருந்தேன். சாயங்காலம், கூட்டம். முருகேஸ்வரி சேலை கட்டிப் பூ வைத்து கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தன் வந்து, "அக்கா, துணி சோப்பு ரெண்டு," என்றான். வெளுத்த சட்டை, முப்பத்தைந்து வயது இருக்கும். அவனை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்ற பைக்கைப் பார்த்தாள். பின் விளக்கில் மஞ்சள் டேப்.

சோப்பை எடுத்து வைத்தாள். கையை எடுக்கவில்லை.

"உப்பளத்து ரோட்டுல குறுக்க வண்டிய நிப்பாட்டுனியே, அது நான்தான்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "நான் இல்லக்கா. வேற யாரோ," என்றான்.

"நீதான்."

பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த ஜெயகணேஷ் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். நான் இதுவரை பார்க்காத முகம் அது. முருகேஸ்வரி அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"நீங்க பருப்ப நிறுங்க. நான் பேசுதேன்."

அவர் நின்றார். நிறுக்கப் போகவில்லை, ஆனால் குறுக்கே வரவும் இல்லை.

"சும்மா பேச்சுக் குடுக்கத்தான்க்கா நின்னேன். வேற ஒண்ணும் நெனைக்கல," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"உனக்கு அது சும்மா. எனக்கு ஒரு மாசம் பைக் சத்தம் கேட்டாலே பயம். எம் புருசன் வண்டின்னாலும் பயம்." குரல் உயரவே இல்லை. "சோப்ப எடுத்துட்டுப் போ. நம்பர நான் பாத்தாச்சு."

அன்றைக்கே ஸ்டேஷனுக்கு நம்பர் போனது. மறுநாள் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கி, எச்சரித்து அனுப்பினார்கள். அவ்வளவுதானா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. முருகேஸ்வரிக்கு இல்லை. எல்லார் முன்னாலும் நாலு வார்த்தை சொன்னதோடு அவளுக்கு நெஞ்சில் இருந்தது இறங்கிவிட்டது. அதன் பிறகு அந்தப் பைக்கை எங்கள் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

போன மாதம் கயத்தாறில் அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முதல் நாளே போய்விட்டார்கள். விடிந்ததும் மண்டபத்திலிருந்து முருகேஸ்வரியைக் காணோம். சொந்தக்காரர்கள் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஜெயகணேஷ் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு டீ குடித்தார்.

"அவ அந்தக் கரண்டு எடுக்குத காத்தாடிப் பக்கம் ஓடிட்டு இருக்கா. திரும்பிட்டா. இப்ப வந்துருவா," என்றார்.

"தெரியாத ஊருல பொம்பளயத் தனியா விட்டுட்டு டீ குடிக்கீங்களே!" என்று கல்யாணப் பெண்ணுடைய பெரியம்மா சத்தம் போட்டாள்.

"நேத்தே டீக்கடையில வழி விசாரிச்சு, பால்காரங்க போற ரோடா பாத்து வச்சிருக்கா. எனக்குத் தெரியாத ஊருதான், அவளுக்கு இல்ல."

கொஞ்ச நேரத்தில் ஷூவில் கரிசல் மண் ஒட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து வந்து சேர்ந்தாள். தேடியவர்களைப் பார்த்து, "என்ன எல்லாரும் வாசல்ல நிக்கீங்க? பந்தி ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டாள். குளித்துப் பட்டு கட்டிக்கொண்டு முதல் பந்தியிலேயே உட்கார்ந்தாள். பரிமாறியவர் அவள் இலையில் மூன்றாவது தடவை இட்லி வைத்தபோதும் வேண்டாம் என்று கையைக் காட்டவில்லை என்று ஜெயகணேஷ் கடையில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.