பின்னுக்கிருந்து வாசித்த அறுபத்துநான்கு எழுத்துகள்

என் பழைய ஃபோனுக்குள் நாலரை நிமிடம் ஓடும் ஒரு குரல்பதிவு இருக்கிறது. "அந்த ரோல்ஸை அங்காலை வை" என்று ஒரு கட்டைக் குரல் அதட்டுவதோடு அது தொடங்கும். பிறகு முழுக்க எண்களும் ஆங்கில எழுத்துகளும்தான். மெலிந்த குரல் ஒன்று "மூண்டு, எஃப், ஒண்டு, பி" என்னும். கட்டைக் குரல் அதையே திருப்பிச் சொல்லும். மெலிந்த குரல் என்னுடையது. கடைசியில் அவர் "ஆமென்" என்கிறார், நான் "அரோகரா" என்கிறேன், இரண்டு பேரும் சிரிக்கிறோம். அவ்வளவுதான். முதல்முறை இதைக் கேட்ட என் மனைவி, "உதென்னப்பா, ரெண்டு விசரர் கூடி ஏலம் கூறுற மாதிரிக் கிடக்கு" என்றாள். இப்போது அவளுக்கே அது பாடம். அந்தக் கட்டைக் குரலுக்குரியவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. அவருடைய குரல் என்று என்னிடம் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். போன கிழமை அந்த ஃபோனின் பற்றரி பூரி மாதிரி உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றபோது, இருபது வருஷம் ஃபோன் திருத்திய நான் செய்த முதல் காரியம், அதை ஊதி ஆற்றப் பார்த்ததுதான்.

அவரை நான் அண்ணை என்று கூப்பிட்டேன். என்னைவிட ஐந்து வயதுதான் மூப்பு. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஃபோன் கடையில் இருவரும் ஒரே மேசைக்கு இரு பக்கமும் இருந்து ஒன்பது வருஷம் வேலை செய்தோம். அவர் குருநகர்க்காரர். தகப்பன், தமையன்மார் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் வள்ளத்தில் கால் வைத்தவுடன் சத்தி எடுப்பாராம். "கடல் என்னை வேண்டாமெண்டிட்டுதடா, அதுதான் உன்னோடை வந்து மாட்டுப்பட்டனான்" என்பார். நான் சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டத்துக்கு இறைக்கப் பஞ்சிப்பட்டு வந்தவன். ஆக, கடல் துரத்திய ஒருவரும் தோட்டத்துக்கு ஒளித்த ஒருவனும் சேர்ந்து ஊரவரின் ஃபோன்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் காலத்தில் எங்களிடம் வந்த வருத்தக்காரரில் பாதிப்பேர், கொம்பனியின் பெயர் திரையில் தெரிவதோடு அங்கேயே நின்றுவிடுகிற ஃபோன்கள். உள்ளே இருக்கும் படங்கள், பதிவுகளைத் தொடாமல், ஃபோனை இயக்கும் சிஸ்டம் ஃபைலை மட்டும் புதிதாக ஏற்றினால் எழும்பிவிடும். கடைக் கொம்பியூட்டருக்கு இணைய இணைப்பு இல்லை. வைரஸ் வரும் என்று முதலாளி வயரையே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். அண்ணை தன் வீட்டில் அந்தப் பெரிய ஃபைலை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவருவார். இணைப்பு விட்டு விட்டு வரும். ஃபைல் முழுதாக வந்தது போலத்தான் இருக்கும். எங்கோ நடுவில் ஒரு துளி பழுதாகியிருக்கும். அதைத் தெரியாமல் ஏற்றினால் ஃபோன் கறுத்துப்போகும், சிலது பிறகு எழும்பவே எழும்பாது. இதற்காகத்தான் ஃபைலைச் செய்தவர்கள் அதன் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண்ணையும் பக்கத்தில் போட்டு வைப்பார்கள். அறுபத்துநான்கு எழுத்து. ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். அண்ணை அதை அப்பியாசக் கொப்பியில் நாலு நாலு எழுத்தாகப் பிரித்து எழுதி வருவார். எங்கள் கொம்பியூட்டர் அதே ஃபைலைப் பார்த்து ஒரு எண் சொல்லும். இரண்டும் ஒன்றானால்தான் ஏற்றலாம்.

குருநகரில் பின்னேரம் செபமாலை சொல்லும்போது ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். அந்த வழக்கத்தை அப்படியே கடைக்குள் கொண்டுவந்தவர் அண்ணை. அவர் கொப்பியைப் பார்த்து நாலு எழுத்துச் சொல்வார். நான் திரையைப் பார்த்து, அங்கே இருக்கும் நாலு எழுத்தைச் சொல்ல வேண்டும். பதினாறு தரம். ராகம்கூட அதேதான். வாடிக்கையாளர் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றதும் உண்டு. "கொப்பியில இருக்கிறதை அடிச்சு விட்டால் கொம்பியூட்டரே ஒப்பிட்டுப் பாக்கும்தானே அண்ணை" என்று நான் கேட்டதற்கு, "கொம்பியூட்டரை ஆரடா பாக்கிறது?" என்றார்.

ஒரு நாள் நீர்வேலியிலிருந்து ஒரு ஐயா வந்தார். வாழைக்குலை ஏற்றி வந்த கையோடு, சாறத்தில் வாழைப்பால் கறையோடு. மனைவி இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவர் ஃபோனுக்குள் மனைவி அனுப்பிய குரல்செய்தி ஒன்று இருந்தது. வரும்போது உப்பு வாங்கி வரச் சொன்னது. அது வேண்டும், ஃபோன் போனாலும் பரவாயில்லை என்றார். நான் பெரிய பகிடிக்காரன் அல்லவா, "உப்புத்தானே ஐயா, நானே ஒரு பை வாங்கித் தாறன்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "அண்டைக்கே வாங்கிக்கொண்டு போனனான் தம்பி. குசினியிலை இன்னும் உடைக்காமல் கிடக்கு" என்றார். என் வாய் அதோடு மூடியிருந்தால் நல்லது. நான் அதை வேறு வேலைக்குத் திறந்தேன். எதிர்த் தேத்தண்ணிக்கடையிலிருந்து சூடாகப் பொரித்த மீன் ரோல்ஸ் வந்திருந்தது.

அண்ணை நாலு எழுத்துச் சொன்னார். நான் நாலு எழுத்துச் சொன்னேன். ராகம் பிசகவில்லை. பதினாறும் முடிந்தது. ஃபைலை ஏற்றினோம். ஐயாவின் ஃபோன் கறுத்துப்போய் அப்படியே கிடந்தது. அண்ணை எழும்பி என் பக்கம் வந்து, கொப்பியைத் திரையோடு பிடித்துப் பார்த்தார். முதல் நாலு எழுத்திலேயே வேறு. பதினாறு தரமும் நான் திரையைப் பார்க்கவேயில்லை. காதில் விழுந்ததை வாய் தானாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறது. கேட்டுக் கேட்டுப் பழகின செபத்தை நித்திரைத் தூக்கத்திலும் சொல்லுவதுபோல.

"என்னத்தையடா பாத்துக்கொண்டு சொன்னனி?"

"ரோல்ஸை அண்ணை."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நேரே ஐயாவிடம் போய், "பிழை எங்களிலைதான் ஐயா. நாளைக்கு வாங்கோ, எழுப்பித் தாறம்" என்றார். எங்களில் என்றார், உவனில் என்று என்னைக் காட்டவில்லை. நான் கடைக்குப் பின்னாலிருந்த கக்கூசுக்கு மூன்று தரம் போய்வந்தேன். மூன்றாம் தரம் திரும்பி வர, "கறுத்த ஃபோனை வயரிலை கொழுவினனான், கொம்பியூட்டர் இன்னும் அடையாளம் காணுது, ஆள் சாகேல்லை. உனக்கும் வயரைக் கொழுவிப் பாக்கட்டோ?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அண்ணை வேறு இடத்தில் புதிதாக இறக்கிய ஃபைலோடு வந்தார். ஐயா முன்னமே வந்து வாங்கிலில் குந்தியிருந்தார். என் கையில் அன்றும் ஒரு ரோல்ஸ். "இனி நீதான் முதல் சொல்லுவாய். நான் கொப்பியைப் பாத்துத் திருப்பிச் சொல்லுறன். அதுவும் கடைசியிலை இருந்து முன்னுக்கு வா. பின்னுக்கிருந்து ஒருத்தனும் செபம் சொல்லேலாது" என்றார். பிறகு என் ஃபோனை எடுத்து, குரல்பதிவுப் பொத்தானை அமத்தி மேசையில் வைத்தார். "நாளைக்கு, 'நான் பாத்தனான், அண்ணைதான் பிழை' எண்டு கதைப்பாய். சாட்சி வேணும்." அந்தச் சாட்சிதான் இந்த நாலரை நிமிடம். எழுத்துகள் எல்லாம் ஒத்துவந்தன. ஐயாவின் ஃபோன் எழும்பியது. அவர் அந்தச் செய்தியைக் காதோடு வைத்துக் கேட்டார், இன்னொரு தரம் கேட்டார், ஃபோனைச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த கிழமை கடைக்கு ஒரு கதலிக்குலை வந்தது. அதில் பாதியை நான் தின்றதையும் உண்மைக்காகச் சொல்லிவிட வேண்டும்.

அண்ணையை அடக்கம் செய்யமுன் வீட்டில் செபமாலை சொன்னார்கள். நான் ஓரமாக நின்று, எனக்குத் தெரிந்த மட்டில் வாயை அசைத்தேன். கொஞ்சநேரத்தில் பார்த்தால் பதினாறு வரைக்கும் எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.

போன கிழமைக் கதைக்கு வருகிறேன். புது ஃபோனுக்குப் பதிவை மாற்றினேன். உப்பின ஃபோன் நடுவில் ஒருக்கா அணைந்து, திரும்ப எழும்பியது. மாற்றியதைப் போட்டுப் பார்த்தால் மூன்றாம் நிமிடத்தில் குரல் அறுந்து நிற்கிறது. அந்த நேரம் எனக்கு இருபது வருஷத் தொழிலும் மறந்துபோனது. பழைய ஃபோனை இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றினேன். மனைவி தேத்தண்ணியும் வடையும் கொண்டு வந்தவள், "என்னப்பா, ஃபோனுக்கு ஆலாத்தி எடுக்கிறியள்?" என்றாள். ஒரு நாலரை நிமிட எண் வாசிப்புக்கு இந்தக் கூத்து. நீர்வேலி ஐயாவுக்கு நான் உப்பு வாங்கித் தருவதாகச் சொன்னது ஞாபகம் வந்தது.

அவள்தான் என்னை விறாந்தையில் இருத்தினாள். இரண்டாம் தரம் மாற்றினோம். இந்த முறை கடைசிவரை ஓடுமோ என்று போட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை. இரண்டு ஃபோனிலும் அந்தப் பதிவின் கைரேகை எண்ணை எடுத்தேன். ஒப்பிட்டுச் சொல்ல ஒரு செயலி இருக்கிறது. இருக்கட்டும். பழைய ஃபோனை அவளிடம் கொடுத்து, கடைசியிலிருந்து நாலு நாலாகச் சொல்லச் சொன்னேன்.

"ஏயிலை இருந்து எஃப் மட்டுந்தான் கிடக்கு. மிச்ச எழுத்தை வித்துப்போட்டாங்களோ?"

"நீ சொல்லு."

அவள் சொன்னாள். நான் புது ஃபோனைப் பார்த்துத் திருப்பிச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக, கண்ணால் தொட்டுத் தொட்டு. பதினாறாவது தரமும் ஒத்துவந்தது. என்னையறியாமல் "ஆமென்" என்றேன், நெற்றியில் காலையில் பூசிய திருநீற்றோடு. அவள் பழைய ஃபோனை வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு, "அரோகரா" என்றாள்.

ஒரு வடையை எடுத்துக் கடித்துக்கொண்டே புது ஃபோனில் பதிவை ஓடவிட்டேன். "அந்த ரோல்ஸை அங்காலை வை" என்றார் அண்ணை. கையிலிருந்த பாதி வடையைத் தட்டில் வைத்தேன்.