நைனாவுக்குப் போட்ட சாய்தளம்

வீடு கட்டப்போகிறோம் என்றதும் என் நைனா கேட்டது ஒன்றுதான். கட்டிலில் படுத்தபடியே கடல் தெரிய வேண்டும். மூட்டு தேய்ந்து அவர் கடல் தொழிலுக்குப் போவதை நிறுத்தியிருந்த சமயம் அது. அண்ணன் படகு கிளம்புவதைப் பார்க்கக்கூட யாராவது கைத்தாங்கலாக அவரைக் கரைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

பழவேற்காட்டில் எங்கள் மனை ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. கடல் பக்கம் அடும்புக்கொடி படர்ந்த மணல்மேடு. அதை வழித்துவிட்டால் கடல் தெரியும்தான். ஆனால் புயல் வந்தால் கடலே வீட்டுக்குள் வந்து உட்காரும். பொக்லைன் கூப்பிடலாம் என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"மேட்டுல கை வெச்சீங்கன்னா நான் இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது," என்றேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

அதனால் வீட்டைத் தூக்கிக் கட்டினோம். ஆளுயரத் தூண்கள், மேலே இரண்டு அறை. மழைக்காலத்தில் ஏரி பெருகினால் தண்ணீர் அடியில் புகுந்து போய்விடும். ஏரிப் பக்கம் பெரிய ஜன்னல்கள் வைத்தோம். உப்புக்காற்று அறைகிற கடல் பக்கம் சின்னதாக ஒன்றே ஒன்று, நைனாவின் கட்டில் உயரத்துக்கு. மேட்டுக்கு மேலாகக் கடல் நன்றாகவே தெரிந்தது.

அவரால் படி ஏற முடியாது, சாய்தளம்தான் வேண்டும். எவ்வளவு சரிவாக என்று அவரே கம்பைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். எனக்கும் அண்ணனுக்கும் அது சரியாகவே பட்டது.

பால் காய்ச்சிய அன்று நைனா பாதி தூரம்கூட ஏறவில்லை. மூச்சு வாங்க, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அப்போதுதான் உறைத்தது. நாங்கள் போட்டிருந்தது கரையில் படகை இழுத்து ஏற்றுகிற சரிவு. எங்கள் கண்ணுக்குப் பழகியது அது ஒன்றுதான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாத்துக்கும்மா அழுவுற? படகுக்குப் போட்டாச்சு. படகு மாதிரியே ஏத்துங்கடா," என்றார் நைனா.

அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கயிறு கட்டி, முன்னால் நாலு பேர் இழுக்க, பின்னால் அண்ணன் தள்ள, ஐலசா போட்டு ஏற்றினார்கள். விருந்துக்கு வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நைனா உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் அதட்டிக்கொண்டு வந்தார்.

கட்டிலில் சாய்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க நிறைவாக இருந்தது.

"நைனா, அந்தச் சாய்தளத்த ஒடச்சிட்டு இன்னும் நீளமா போட்டுடலாம். நீ நடந்தே எறங்கி ஏறலாம்," என்றேன்.

"வேணாம்மா. நான் இனிமே எங்க எறங்கப் போறேன்?"

மறுநாள் முதல் வேலையாக மேஸ்திரியை வரவழைத்து அதை உடைத்து நீளமாகப் போடச் சொன்னேன்.