எந்தத் தெரு

அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஓர் இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி நேரம். அவ்வளவுதான்.

தாராவியில் நான் வளர்ந்த சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போகிற மாடியில் அவள் குடும்பம் இருந்தது. குடிசைகளை இடித்துப் புதுக் கட்டடம் கட்டுவதற்காகக் கணக்கெடுக்க வந்தவர்கள் கீழ்வீடுகளை எழுதிக்கொண்டு போனார்கள், மாடிகள் விட்டுப்போயின. பட்டியலில் பெயர் இல்லையென்றால் புதுக் கட்டடத்தில் வீடு இல்லை. காலேஜ் படிக்கிற பிள்ளைகள் சிலர், அவள் தலைமையில், ஏணி ஏணியாக ஏறி ரேஷன் கார்டு, லைட் பில் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்தார்கள். செம்பூரில் ஒரு வக்கீலம்மாவைத் தேடிப் பிடித்ததும் அவர்கள்தான். அவருக்கு நேரம் ஒழிவது அந்த ஞாயிறு மட்டும். மறுநாள் மனுக்களுக்குக் கடைசி நாள். ஜூலை மழை, சந்தில் காகிதம் விரிக்க முடியாது.

"அங்கிள், உங்க ஊர்ச் சங்கத்துல ஹால் இருக்குல்ல? ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

நான் செம்பூர் ஃபிளாட்டுக்குக் குடிபோய் வருஷங்களானாலும் சங்கத்தில் என் பெயர் இருந்தது. செயலாளர் எனக்குச் சித்தப்பா முறை.

"கெடச்ச மாதிரிதான். எல்லார்ட்டயும் சொல்லிரு. சங்கத்துல கேட்டா, நீயும் எங்க ஊருதான்னு மட்டும் சொல்லு" என்றேன்.

அவள் மாடி மாடியாகச் சொல்லி முடித்த பிறகு, வெள்ளிக்கிழமை, சாவி கேட்கப் போனோம். சித்தப்பா நாற்காலி போட்டார். டீ சொன்னார்.

"எந்த ஊரு தாயி?"

சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள்.

"அட, நம்ம பிள்ள! எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். வாயைத் திறந்து சாதி கேட்கிற சங்கடம் எங்கள் ஆட்களுக்கு வேண்டியதில்லை. இந்தக் கேள்வியை நான் எப்படி மறந்தேன்? என்னிடம் அதற்குச் செல்லுபடியாகும் பதில் எப்போதும் இருந்தது, அதனால்தான்.

அவள் சிரித்தாள். "நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம் தாத்தா. பொறந்ததே இங்கதான்."

"அது பம்பாய்த் தெரு. நான் ஒங்க அப்பன் தெருவக் கேக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். பிறகு அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் அப்பாவின் உண்மையான ஊரையும் தெருவையும் தெளிவாகச் சொன்னாள்.

"ஹால்ல பெயின்ட் வேல நடக்கு தாயி. இன்னொரு நாளு பாப்பம்."

பெயின்ட் வாசனையே இல்லை. உள்ளே யாரோ கேரம் ஆடும் சத்தம். டீ மூன்று வந்தது. அவள் எழுந்துவிட்டாள். நான், குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வாசலில் அவள் குடையை விரித்தபடி கேட்டாள்: "தெரு கேப்பாங்கன்னு மொதல்லயே சொல்லிருக்கலாம்ல அங்கிள்? மாட்டுங்காவுல வேற எடம் பாத்துருப்பேன். ரெண்டு நாள்ல எங்க போக?"

ஞாயிறன்று நீலத் தார்ப்பாயின் கீழ், முழங்கால்மேல் பலகை வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். இடம் மாறியதைச் சொல்ல மறுபடி எல்லா ஏணியும் ஏற நேரம் போதவில்லை. பாதிப் பேர் சங்கத்துக்குப் போய், பூட்டைப் பார்த்து, மழையில் வீடு திரும்பினார்கள். அந்தப் பாதி இன்றும் பட்டியலில் இல்லை.

அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவள் என்னை நீக்கவில்லை. "மீட்டிங்குக்கு எடம் வேணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று இப்போதும் கேட்கிறாள். வடாலாவிலிருந்து, விக்ரோலியிலிருந்து யார் யாரோ பதில் சொல்கிறார்கள். நான் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.