ஃபுட்பால் வரியும் என் கழுத்துக் கட்டியும்

கான்ட்ராக்ட் புரோகிராமர் என்பவன் ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயிர் போய் உயிர் வருகிற பிராணி. சக பிராணிகளே, விசாவையும் இன்ஷூரன்ஸையும் ஒரே நூலில் கட்டித் தொங்குகிறவர்களே, 2009 கோடையில் டெக்சஸ் ரிச்சர்ட்சனில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

நடுநிலை

எல்லோருக்கும் அரசாங்கமே வைத்தியம் பார்க்கலாமா என்று எங்கள் லஞ்ச் மேஜையில் தினமும் ஒரு சண்டை. ஒரு பக்கம் டேல்: எங்கள் டீம் லீட், அசல் டெக்சஸ்காரர், வெள்ளிக்கிழமை தவறாமல் தன் பழைய காலேஜின் ஃபுட்பால் சட்டையைப் போட்டு வருபவர். எதிர்ப் பக்கம் டெஸ்டர் நான்சி, கனடாக்காரி. "எங்கள் ஊரில் குடல்வால் ஆபரேஷனுக்குப் போனேன், பில்லே வரவில்லை" என்பாள் அவள். "அதற்கு எத்தனை நாள் வரிசையில் நின்றாய்?" என்பார் இவர். ஒரு நாள் நான்சி ஒரு படி மேலே போய், "காலேஜ் ஃபுட்பாலில் பணம் கொட்டுகிறதே, அதற்கு வரி போட்டால் எல்லோருக்கும் ஆஸ்பத்திரி நடத்தலாம்" என்று சொல்லிவிட்டாள். டேல் கையிலிருந்த பர்கரைக் கீழே வைத்தார்.

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். என் கான்ட்ராக்டை நீட்டிப்பதா வேண்டாமா என்று எழுதுவது டேல். என் புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்து, 'பக்' என்று பதிவு போடுவது நான்சி. "இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது" என்றேன். டேல் சிரிக்கவில்லை.

"நான்சி, இவன் பதில் மேலேயே ஒரு பக் போடு."

யாரோ ஒரு ஃப்ரெண்ட்

அதே வாரம் ஷேவ் பண்ணும்போது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இலந்தைக் கொட்டை அளவு. வலியில்லை, அதுதான் பயமே. வலியில்லாத கட்டியைப் பற்றி நெட்டில் படித்துவிட்டு யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

என்னை அமெரிக்கா கூட்டி வந்த கன்சல்டிங் கம்பெனி முதலாளி மதுரைக்காரர். பக்கத்து ஊரான காப்பெலில் அவர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தபோது, யாரோ ஒரு ஃப்ரெண்டுக்குக் கட்டி வந்திருப்பதாகச் சொல்லி மெல்ல விசாரித்தேன். புராஜெக்ட் முடிந்து வீட்டில் உட்கார்ந்தால் இன்ஷூரன்ஸ் போய்விடும், டாக்டரிடம் காட்டி அது ரெக்கார்டில் ஏறிவிட்டால் அடுத்த இன்ஷூரன்ஸ்காரன் 'பழைய நோய்' என்று கையை விரித்துவிடுவான் என்று பொறுமையாக விளக்கினார். நான் பிரியாணியை ஒரு கையால் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த ஃப்ரெண்டக் கழுத்தத் தடவுறத மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க."

இமெயில் வைத்தியம்

கட்டியை மூன்று கோணத்தில் போட்டோ எடுத்து, மேலப்பாளையத்தில் டாக்டராக இருக்கும் என் மனைவி ஃபர்சானாவின் தம்பிக்கு இமெயில் பண்ணினேன். அக்காவிடம் சொல்லாதே என்று கீழே எழுதியிருந்தேன். இதைவிட வேகமாக அவளிடம் செய்தி போக வேறு வழியே இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று ராத்திரியே ஃபர்சானா இரண்டு வயது மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அழுதாள்.

எனக்கோ, தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தால் வேண்டிக் கேட்க துஆ வரவில்லை, கட்டிதான் வந்தது. எனக்கு ஒன்று ஆனால் என் விசாவைத் தொற்றி வந்த இந்த இரண்டு பேரும் அதுகூட இல்லாமல் இந்த ஊரில் என்ன செய்வார்கள்? மறுநாள் காலை மச்சினன் போன் பண்ணினான்.

"மச்சான், நான் சின்னப் பிள்ளைங்க டாக்டரு. போட்டோவத் தொட்டுப் பாக்க முடியாது. அம்புட்டுப் பெரிய அமெரிக்காவுல உங்களுக்கு ஒரு டாக்டர் இல்லையா?"

ஆகஸ்டில் காலர் பட்டன்

அப்போதும் டாக்டரிடம் போகவில்லை. முட்டை பொரியும் ஆகஸ்ட் வெயிலில் கழுத்துப் பட்டன் வரை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். வரிச்சண்டை நடந்துகொண்டிருந்தது. நடுவில் டேல் பேச்சை நிறுத்தி, என்னை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கான்ட்ராக்ட் முடிந்தது என்று மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

அவர் காலரைக் காட்டி, "எத்தனை நாளாக?" என்றார். மூன்று வாரம் என்றேன். போகாததற்குக் காரணத்தையும் உளறிவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அரசாங்க வைத்தியம் கூடாது என்று மேஜையைத் தட்டுகிற அந்தக் குரல், அன்று தாழ்ந்துதான் வந்தது.

"என் மனைவிக்கும் அதே இடத்தில்தான் வந்தது. இன்ஷூரன்ஸ் போய் அவள் சிகிச்சை நின்றுவிடக் கூடாது என்று, பிடிக்காத இந்த வேலையில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நான்சியிடம் சொல்லிவிடாதே. நாளைக்கு லீவு போட்டு டாக்டரிடம் போ."

போனேன். ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்து, கெட்ட கட்டி இல்லை, வருடா வருடம் வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் அதை ரெக்கார்டில் ஏற்றிப் 'பழைய நோய்' ஆக்கிய நாளிலிருந்து, எங்கள் லஞ்ச் மேஜையில் வேலையை விட முடியாதவர்கள் இரண்டு பேர்.