பேச்சித் திட்டின் அரணைகள்

எனக்கு அரணையைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவதைப் படித்துவிட்டு, என்னைப் பிராணிகளிடம் அன்பு கொண்டவள் என்று யாராவது கூட்டத்துக்குப் பேசக் கூப்பிட்டுவிடுவார்கள். கிழக்கேகோட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடி வாழைக்குக் கீழே அது வெயில் காயும். எண்ணெய் தடவிவிட்டது போல முதுகு மினுங்கும். அது கடித்தால் பிழைக்க முடியாது, ஆனால் கடிக்க வருகிற வழியிலேயே எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிடும், அதனால்தான் நாமெல்லாம் உயிரோடு இருக்கிறோம் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அதற்கு விஷமும் கிடையாது, மறதியும் கிடையாது என்று எங்கள் மாடியில் குடியிருந்த பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவள் மலையாளி, கண்ணூர்ப் பக்கம். வீடு கேட்டு வந்தபோது "காட்டிலே வேலை" என்று மட்டும் சமர்த்தாகச் சொன்னாள். அரணையைப் பற்றி ஆராய்ச்சி என்று சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். மலையாள நோட்டீஸ்களையும் பத்திரங்களையும் தமிழாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால்தான் ஒருநாள் மாடியிலிருந்து இறங்கி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"மாமி, எனக்குத் தமிழ் அத்ர போறாது. போனக்காட்டுக்கு ஒரு தடவை கூட வரணும். ப்ளீஸ்."

விஷயம் இதுதான். போனக்காட்டு எஸ்டேட்டுக்குக் கீழே, அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது ஒரு குன்றின் உச்சி மட்டும் மூழ்காமல் திட்டாக நின்றுவிட்டது. அந்த உச்சியில் எஸ்டேட் தமிழர்கள் கும்பிடுகிற பேச்சியம்மன் இருக்கிறாள். சிலை என்றெல்லாம் இல்லை, மஞ்சள் பூசிய ஒரு கல். அவளோடு ஒரு ரக அரணையும் அங்கே மாட்டிக்கொண்டது. கரையில் ரப்பரும் அக்கேஷியாவும் வந்தபிறகு அந்த ரகம் அங்கே இல்லாமல் போய்விட்டது. சுற்றிலும் தண்ணீர் நின்றதால் திட்டில் மட்டும் தப்பியிருக்கிறது. பிறப்பது, தின்பது, முட்டையிடுவது எல்லாம் உதிர்ந்து கிடக்கும் சருகுக்குள்தான். சருகு போனால் அதுவும் போய்விடும்.

எஸ்டேட்டுக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை படகில் வந்து பேச்சிக்குப் பொங்கல் வைப்பார்கள். வைப்பதற்கு முன்னால் திட்டு முழுவதையும் கூட்டி, சருகை வாரிக் குவித்துக் கொளுத்துவார்கள். அது அரணை முட்டையிடுகிற காலம். இந்தத் தடவையும் கூட்டினால் அடுத்த வருஷம் படகுக்கு அனுமதி கிடையாது என்று வனத்துறை அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டார். மாடிப்பெண்ணுக்கு அரணையும் வேண்டும், அந்த மனிதர்களின் வழிபாடும் நிற்கக் கூடாது. இரண்டையும் ஒரே வாயால் கேட்க அவளுக்குத் தமிழ் போதவில்லை.

பழவங்காடிக் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பினோம். "எனக்கு இதிலே விசுவாசம் ஒண்ணும் இல்லை மாமி" என்று சொல்லிக்கொண்டே அவளும் ஒன்று உடைத்தாள். அது சிதறாமல் உருண்டு ஓடியதில் அவளுக்கு முகம் வாடிவிட்டது. இல்லாத விசுவாசத்துக்கு என்ன வாட்டம் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

பேச்சிக்குப் பூசை வைக்கிற அக்கா லயத்து வீட்டு வாசலில் எங்களை உட்காரவைத்துப் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள். தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. எஸ்டேட் படுத்து எத்தனையோ காலமாகியும் அந்தக் கறை போகவில்லை. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். மலையாளிகளுக்குக் கண்ணாடி போட்ட பெண் எல்லாம் டீச்சர். அந்தப் பழக்கம் அவளுக்கும் ஒட்டியிருந்தது, என் கண்ணாடி போதுமாக இருந்தது.

"டீச்சரம்மா, நான் சொல்லுதேன்னு வருத்தப்படாதீங்க. எம் மக பேறுக்குப் போயி தாயும் புள்ளையும் இழுத்துக்கிட்டுக் கெடந்தாக. நான் பேச்சிகிட்ட என்னத்தைச் சொல்லி வேண்டுவேன்? பொன்னு தாரேன், பட்டுத் தாரேன்னு சொல்ல முடியுமா? தாயி, நான் இருக்குத வரைக்கும் ஒன் முத்தத்தை எங்கையால தூத்துதேன்னு வேண்டிக்கிட்டேன். ரெண்டு உசிரையும் திருப்பித் தந்தா. இப்பம் ஒரு பல்லிக்காக வாக்கு மாறச் சொல்லுதீங்க."

"பல்லி அல்ல, அரணை" என்றாள் மாடிப்பெண். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

சுற்றியிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். முற்றம் தூத்தாமல், கூட்டிப் பெருக்காமல், எப்படிப் பொங்கல் வைப்பது, சாமி குப்பையிலா உட்காரும்? எனக்கு அது நன்றாகப் புரிந்தது. எங்கள் தெருவில் காலையில் வாசல் பெருக்காமல் கிடந்தால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்து வாசல் தெளிக்காமல் விட்டதற்கு, எதிர்வீட்டு மாமி துக்கம் கேட்கிற முகத்தோடு வந்து நின்றாள். அப்படிப்பட்ட தெருவிலிருந்து போய், சாமியின் வாசலைப் பெருக்காதே என்று சொல்கிறவளாக நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது.

கடைசியில் அக்காதான் ஒரு வழி சொன்னாள். "பொங்கல் அன்னைக்குத் திட்டுல வச்சுப் பூக்கட்டிப் பாப்போம். வெள்ளைப்பூ வந்தா தூத்துவோம். சிவப்பு வந்தா வேண்டாம். அவ சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாக."

பூக்கட்டிப் பார்ப்பது என்றால் என்ன என்று திரும்பி வரும்போது மாடிப்பெண்ணுக்கு விளக்கினேன். இரண்டு நிறப் பூவைத் தனித்தனியாக இலையில் மடித்து, சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள், வருகிற நிறம்தான் சாமியின் பதில் என்றேன். "அப்போ இத்தனை வருஷ வேலையும் டாஸ் போடுகிற மாதிரி?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திருவிழா அன்று காலையில் எஸ்டேட்டுக்காரர்களின் படகுகளோடு நாங்களும் போனோம். திட்டில் கால் வைத்தால் சருகு கணுக்கால் வரை வந்தது. பெண்கள் கையில் புது வாரியல்கள் இருந்தன. அந்தப் பக்கத்தில் விளக்குமாற்றுக்கு அதுதான் பெயர். அக்காவுடைய வாரியலுக்கு மட்டும் மஞ்சள் தடவியிருந்தது.

யாரும் தொடங்குவதற்கு முன்னால் மாடிப்பெண் அக்காவின் கையைப் பிடித்து ஒரு பாறை ஓரத்துக்கு அழைத்துப்போனாள். மண்டியிட்டு ஒரு தேக்கிலையை மெல்லத் தூக்கினாள். அடியில் மல்லிகை மொட்டு அளவில் சில முட்டைகள். அவற்றைச் சுற்றி ஒரு அரணை வளைந்து கிடந்தது. நம்மைக் கண்டால் ஓடிவிடுகிற ஜந்து, ஓடவில்லை. எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"இதுதான் தாயா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமா, அம்மதான். முட்டை விரியுற வரைக்கும் இது விட்டுப் போகாது."

"நாம இம்புட்டுப் பக்கத்துல வந்தும் ஓடலியே."

மாடிப்பெண் இலையை விடுவதற்குள் அக்காவே அதை வாங்கி, இருந்தது போலவே மூடிவைத்தாள். எழுந்து கல்லுக்குப் பின்னால் பூக்கட்டப் போனாள். கட்டும்போது யாரும் பார்க்கக் கூடாது என்பது முறை.

வாழைநாரால் கட்டிய இரண்டு வெற்றிலைப் பொட்டலங்களைப் பேச்சி முன்னால் வைத்தாள். வழக்கமாகக் குழந்தை யாராவது எடுக்கும். அக்கா மாடிப்பெண்ணைக் கூப்பிட்டாள். "நீயே எடு தாயி." கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "எது எங்க இருக்குன்னு அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? எடுக்கட்டும்" என்று அக்கா ஒரே போடாகப் போட்டாள். வேண்டாம் என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தன் கையாலேயே வெள்ளை வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நான் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

பிரித்தாள். சிவப்பு அரளி.

ஒருத்தி குலவையிட்டாள். இரண்டு மூன்று ஆண்கள் முனகினார்கள், பிறகு அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வாரியல்கள் எல்லாம் படகுக்குத் திரும்பிப் போயின. தண்ணீர் ஓரத்து வெறும் பாறையில் பொங்கல் வைத்தார்கள். மாடிப்பெண் அழுதுகொண்டே சிரித்தாள். "மாமி, எனக்கு விசுவாசம் வந்துபோச்சு" என்றாள். பழவங்காடியில் உருண்டு ஓடிய தேங்காயை அவள் மறந்திருந்தாள்.

பந்தி முடிந்ததும் நான் பேச்சி முன்னால் கிடந்த காய்ந்த பூவையும் சூடத்தட்டையும் ஒதுக்கிவைக்கப் போனேன். எந்த இடத்தில் சும்மா உட்கார்ந்தாலும் என் கை எதையாவது ஒழுங்குபடுத்தப் போய்விடும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். கையில் எடுத்தபோது வாழைநார் நழுவி வெற்றிலை விரிந்துகொண்டது.

அதற்குள்ளும் சிவப்பு அரளிதான்.

நிமிர்ந்தபோது அக்கா பொங்கல் பானையோடு எதிரில் நின்றாள்.

"பாத்துட்டீங்களா?"

"ரெண்டுமே செவப்பு, அக்கா."

"ஆமா." பானையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானாச் சொல்லி நிறுத்துனா இவுக கேப்பாகளா? இன்னைக்குத் தூத்திட்டா அடுத்த வருசம் படகு கெடையாது. அப்பம் அவ முத்தத்தை நான் கண்ணால பாக்குறதும் போச்சு. அதுவும் இல்லாம..." பாறைப் பக்கம் திரும்பினாள். "புள்ளையக் காத்துக்கிட்டுக் கெடக்கு டீச்சரம்மா. அதை எப்படி வாரித் தீயில போடுவேன்?"

"அப்போ வேண்டுதல்?"

"கொறை கொறைதான். அவ பேரச் சொல்லிப் பொய்யும் சொல்லிருக்கேன். குத்தம் எல்லாம் என் தலையோட போகட்டும்னு கேட்டிருக்கேன். எம் மகளையும் புள்ளையையும் தொடாம இருந்தாச் சரி." பொட்டலத்தை என்னிடமிருந்து வாங்கித் தண்ணீரில் விட்டாள். "நீங்க இதை அந்த அரணை மாதிரி மறந்துருங்க."

அரணைக்கு மறதி கிடையாது என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

அந்த வருஷம் முழுவதும் எனக்குப் பயமாக இருந்தது. பேச்சி எங்கள் குலதெய்வம் இல்லை. அந்தக் கல்லை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இருந்தும், மாடிப்பெண் திட்டுக்குப் போய்த் திரும்புகிறபோதெல்லாம் அவளைப் பிடித்து, "அந்த அக்கா எப்படி இருக்கா? அவ பொண்ணு, குழந்தை எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்பேன். முட்டைகள் பொரிந்த கதையை அவள் சொல்லத் தொடங்குவாள். அது சரி, குழந்தைக்குச் சளி ஏதும் இல்லையே என்று நடுவில் புகுவேன். பழவங்காடி வழியாகப் போகிறபோது ஒரு தேங்காய் உடைப்பதும் வழக்கமாகிவிட்டது. முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக உடைக்கிறேன் என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். மாடிப்பெண்ணிடம் பொட்டலத்தைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை. அவளுடைய புது விசுவாசம் எனக்கு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.

அடுத்த வருஷமும் அனுமதி கிடைத்தது. திட்டில் இறங்கியவுடன் மாடிப்பெண் சருகுக்குள் தலையை விட்டுவிட்டாள். போன வருஷத்து முட்டைகளில் வந்தவை வளர்ந்து நிறைய ஓடுகின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். நான் தலையாட்டினேன், ஆனால் பார்க்கவில்லை. என் கண் எஸ்டேட்டுக்காரர்களின் படகுகளிலேயே இருந்தது. முதல் படகில் அக்கா இல்லை. இரண்டாவதிலும் இல்லை. நான் தண்ணீர் ஓரத்துக்கே இறங்கிப்போனேன்.

கடைசிப் படகில் வந்தாள். கையில் மஞ்சள் தடவிய புது வாரியல். பின்னால் ஓர் இளம்பெண் இறங்கினாள், அவள் இடுப்பில் ஒரு குழந்தை. கீழே விட்டதும் அது சருகைக் காலால் உதைத்து, சத்தம் கேட்டுச் சிரித்து, மறுபடி உதைத்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கண்ணாடியைத் துடைத்தேன்.

அக்கா என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்தாள்.

"மறந்துட்டீங்கள்ல டீச்சரம்மா?"

"இல்லை அக்கா."

"நானும் மறக்கலை" என்றாள். "ஒரு நாளும் மறக்கலை."

வாரியலால் ஒரு சருகையும் தொடாமல் அதைப் பேச்சியின் காலடியில் கிடத்திக் கும்பிட்டாள். பிறகு ஓடிப்போய்க் குழந்தையைச் சருகிலிருந்து தூக்கிக்கொண்டாள்.