ட்ரிப்பும் ஜர்னியும் தனம் அக்காவும்

அந்த நோட்டைத் திறந்தால் புண்ணாக்கு வாசனை வரும். திருச்சுழியில் அப்பா பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கும் கடை வைத்திருந்ததால், எங்கள் வீட்டு நோட்டுகளுக்கெல்லாம் கடையில் மிஞ்சிய காக்கித் தாளில்தான் அட்டை போடுவோம். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏண்டி, ஒங்க வீட்டு மாடும் ஸ்கூலுக்கு வந்திருக்கா?" என்று கேட்பாள். மற்ற நோட்டுகளுக்காக எனக்கு வெட்கமாக இருந்ததுண்டு. இந்த நோட்டுக்காக மட்டும் இருந்ததே இல்லை. ஏனென்றால் இதை நான் எழுதியது எனக்காக அல்ல, என்னைவிட மூன்று வயது மூத்த தனம் அக்காவுக்காக.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், அக்கா பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் தேறி இங்கிலீஷில் மட்டும் கோட்டைவிட்டாள். நாலே நாலு மார்க்கில் போச்சு. கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லி, பயணத்தைக் குறிக்கும் ஐந்து வார்த்தைகளைக் கொடுத்திருந்தார்களாம். இவள் ஐந்து இடத்திலும் 'ட்ரிப்' என்றே எழுதிவைத்துவிட்டு வந்தாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? எங்கள் கடைக்கு மூட்டை இறக்க வரும் லாரி டிரைவர், "இன்னைக்கு ரெண்டு ட்ரிப்பு அடிச்சாச்சு அண்ணாச்சி" என்று சொல்வதைத்தான் பிறந்ததிலிருந்து அவள் கேட்டிருந்தாள். போக்குவரத்துக்கு அதுதான் இங்கிலீஷ் என்று நம்பிவிட்டாள்.

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. "அக்டோபர்ல இன்னொரு வாட்டி எழுதட்டும். பாஸ் பண்ணுனா மதுரைல ஹாஸ்டல்ல சேத்துவிடுறேன். இல்லன்னா நாக்பூர்க்காரவுகளுக்குச் சரின்னு சொல்லிருவேன்" என்றார். நாக்பூர்க்காரவுக என்றால் தூரத்துச் சொந்தம். அங்கே பலசரக்குக் கடை. மாப்பிள்ளையை அதுவரை நாங்கள் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

எனக்கு எப்படியோ இங்கிலீஷ் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. டீச்சரிடம் டிக்ஷனரியை இரவல் வாங்கி வந்து பார்த்தால், அதில் போட்டிருந்த அர்த்தங்கள் எனக்கே சரியாகப் பிடிபடவில்லை, அவளுக்கு எங்கே பிடிபடும்? கடைசியில் ஒவ்வொரு வார்த்தையையும் ஊரில் ஓர் ஆளிடம் ஒப்படைத்து, அந்த நோட்டில் எழுதினோம். 'ட்ரிப்' லாரி டிரைவருக்கு: போன வேலை முடிந்ததும் திரும்பி வந்துவிடுவார். 'டூர்' தாலுகா ஆபீஸில் உள்ள பெரிய ஆபீஸருக்கு: மனுவோடு எப்போது போனாலும் "அவுக டூர் போயிருக்காக" என்று பதில் வருமே, நாலு ஊர் சுற்றிவிட்டுத்தானே வருவார். 'ஜர்னி' அம்மாவுக்கு: அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்விட்டு வந்தால், போன காரியத்தைச் சொல்லமாட்டாள், நின்றுகொண்டே போனதையும் பக்கத்துப் பெண் வாந்தி எடுத்ததையும்தான் சொல்லுவாள். 'வாயேஜ்' என்பதற்குக் கடல் வேண்டும். கண்மாயே நிறையாத ஊரில் கடலுக்கு எங்கே போவது? சின்ன வயதில் கொழும்புக்குக் கப்பலேறிய எதிர்வீட்டுக்காரர்தான் கைகொடுத்தார்.

'ட்ராவல்'தான் கடைசிவரை மல்லுக்கு நின்றது. ஒரு ட்ராவல், ரெண்டு ட்ராவல் என்று எண்ணக் கூடாது என்று நான் சொல்ல, "அதெப்பிடிடி எண்ணாம இருக்கது?" என்று அவள் கேட்க, ஒரு வாரம் இழுபறி. பிறகு அவளே, "பஞ்சு மாதிரியா? ஒரு பஞ்சு, ரெண்டு பஞ்சுன்னா சொல்லுறோம், எடைதான போடுறோம்?" என்றாள். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் நடத்திவிட்டேன், இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம், மனப்பாடமெல்லாம் ஒப்பித்து முடித்தபின், "ஒரேயடியாப் போயிட்டா, திரும்பி வராத மாதிரி, அதுக்கு என்னடி வார்த்தை?" என்று கேட்டாள். நான் டிக்ஷனரியைப் புரட்டினேன். "அதெல்லாம் பரீட்சைக்கு வராதுக்கா" என்றேன்.

இப்போது ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவள் பாஸாக வேண்டும் என்று உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான், அவள் மதுரைக்குப் போய்விட்டால் யாரோடு படுத்துக்கொள்வேன், யார் எனக்குத் தலை பின்னிவிடுவார்கள் என்று ஒவ்வொரு நாளும் தவித்தவளும் நான்தான்.

பரீட்சை ஒரு திங்கட்கிழமை வந்தது. ஏழரை ஒன்பது ராகுகாலம். அதனால் எட்டு மணிப் பஸ்ஸை விட்டுவிட்டு, ஒன்பது மணி தாண்டி வரும் பஸ்ஸில் போகலாம், பத்து மணிக்கு முன்னால் அருப்புக்கோட்டையில் பள்ளிக்கூட வாசலில் நிற்கலாம் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார். அம்மா திருநீறு பூசிவிட்டாள். அப்பா முன்னால் நடக்க, அக்கா பின்னால் போனாள். நான் உள்ளே வந்து பார்த்தால் அவளுடைய மைப்பேனா ஜன்னலில் இருந்தது. ஜாமெட்ரிப் பெட்டியில் இன்னும் இரண்டு பேனா வைத்திருக்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பேனாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து, தெருமுனையில் போய்க்கொண்டிருந்தவளைப் பார்த்து, "அக்கா!" என்று கத்தினேன்.

எங்கள் பக்கத்தில் புறப்பட்டுப் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டுவிட்டால் "போற காரியம் வெளங்காது". திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இது எனக்குத் தெரியாதா? தொட்டில் பிள்ளைக்குத் தெரியும்.

அக்கா நின்றாள். அப்பாவும் நின்றார். இருவரும் திரும்பி வந்தார்கள். "அறிவுகெட்ட கழுத" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா உட்கார்ந்து குடித்தாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ் நின்ற இடத்தில் புழுதி மட்டும் அடங்காமல் இருந்ததாம். அடுத்த பஸ் பிடித்து இவர்கள் போனபோது பத்தரை தாண்டிவிட்டது. அரைமணிக்கு மேல் பிந்தி வந்தால் உள்ளே விடமாட்டார்கள். மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிட்டார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. "சகுனம் சரியில்ல" என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னார். தை மாதம் கல்யாணம்.

மதுரைக்குப் போய்விடுவாளே என்று தவித்தேன், நாக்பூருக்கே போய்விட்டாள். மூன்று வருஷம் கழித்து மதுரை ஹாஸ்டலில் சேர்ந்தது நான். அவள் கொண்டுபோயிருக்க வேண்டிய தகரப் பெட்டியைத்தான் எனக்குக் கொடுத்து அனுப்பினார்கள். சேர்ந்த அன்று ராத்திரி அதைப் பார்த்துப் பார்த்து அழுதேன்.

போன சித்திரையில் என் மகள் கல்யாணத்துக்கு அக்கா வந்திருந்தாள். அருப்புக்கோட்டையில் என் வீட்டில், வாழைப்பூவில் நரம்பு எடுத்துக்கொண்டே, முப்பது வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன். பேனா ஒரு சாக்கு, நீ போகக் கூடாதென்றுதான் கூப்பிட்டேன் என்றேன். அவள் கை நிற்கவில்லை.

"நீ கத்துனது அப்பா காதுல விழவே இல்ல. அவுக முன்னால போய்ட்டாக. நான்தான் 'பின்னால கூப்பிடுறாப்பா'ன்னு சொல்லி நிப்பாட்டுனேன்."

என் கைதான் நின்றது.

"அன்னைக்குக் காலைல ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லடி, எல்லாம் போச்சு. பரீட்சைல பெயிலானா என்னையத் திட்டுவாக. பஸ்ஸு போச்சுன்னா சகுனத்தத் திட்டுவாக" என்று சிரித்தாள். அடுத்த பூவை எடுத்துக்கொண்டே, "ஆனாலும் எழுதிப் பாத்திருக்கலாம். டூரு யாருன்னு இப்பக் கேளு, சொல்லுவேன்" என்றாள்.

அந்த நோட்டு, கடையைக் காலி செய்தபோது காகிதக் கட்டோடு போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் இல்லை. கல்யாணம் முடிந்து நாலு நாள் கழித்து அவள் கிளம்பினாள். மதுரை ஸ்டேஷனுக்குப் போக வாசலில் கார் நின்றது. கதவைத் திறந்தவள் ஏறாமல் நின்றாள், முகத்தைத் திருப்பாமலே, "என்னடி, கூப்பிட மாட்டியா?" என்றாள்.

"அக்கா!" என்று கூப்பிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், நான் கொடுத்த தண்ணீரை ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். கார் டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. வாசல்வரை வந்து எட்டிப்பார்த்து, "ஏதும் மறந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. தங்கச்சி கூப்பிட்டா, அதான் வந்தேன்" என்றாள் அக்கா.